ராஜமாதாவின் இடது கன்னம்

மத்தியான நேரத்தில் உங்கள் வீட்டு டிவி ஓடுகிறதென்றால் ராஜமாதா சௌதாமினியின் குரலைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். இந்தியிலிருந்து தமிழுக்கு டப் ஆகி வரும் அரண்மனை சீரியல் அது. மருமகள் குடிக்கும் பாலில் விஷம் கலப்பவள், பூஜை மணியை ஆட்டிக்கொண்டே கொலைக்கு ஆள் அனுப்புகிறவள் அந்த ராஜமாதா. "உன் வம்சத்தின் கடைசி விளக்கை என் மூச்சால் அணைப்பேன்" என்று அவள் சொல்லும்போது வார்த்தைகள் பாகில் ஊறியவை போலத் தடித்து இறங்கும். 'ச' வரும் இடங்களில் மட்டும் ஒரு மெல்லிய சீறல். அந்தச் சீறலைப் போனில் ரிங்டோனாக வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஜெயபாரதி. ராயப்பேட்டையில் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டிவிட்டார். வேலைக்கு வரும்போது ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே படியேறி வந்து டீ கேட்பார். நான் அஃப்ரா. தி.நகரிலிருந்து கோடம்பாக்கம் போகிற வழியில் இருக்கும் ஒரு டப்பிங் தியேட்டரில் சவுண்ட் இன்ஜினியர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கோடு அவர், இந்தப் பக்கம் நான். அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"எழுதிக்கோ. ஆனா என்ன நல்லவளா காட்டிடாத. எனக்கு அது செட்டாவாது."

சரி, அப்படியே எழுதுகிறேன். பாரதி அக்கா ஒரு மனிதரைப் பழிவாங்குவதற்காகத்தான் சிகரெட்டை விட்டார். உடம்புக்காக இல்லை, சாமிக்காக இல்லை, குழந்தை குட்டிக்காகவும் இல்லை.

அந்த மனிதர் துரைராஜ். எங்கள் தியேட்டரின் டப்பிங் இன்சார்ஜ். தூத்துக்குடிக்காரர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் அழியாத விபூதி, டீ கூடத் தொடமாட்டார், சுக்கு மல்லிதான். எங்கள் தொழிலில் இன்சார்ஜின் வேலை இப்படி: ஒவ்வொரு துண்டுக் காட்சிக்கும் முன்னால் அவர் வசனத்தை வாய்விட்டுப் படிப்பார். உள்ளே நிற்கிறவர் அதைக் காதில் வாங்கி, திரையில் இருக்கும் உதட்டுக்குப் பொருத்திப் பேசவேண்டும். அவர் படிக்காமல் இவர் பேச முடியாது. யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று முடிவு செய்வதிலும் பாதி அவர் கையில்தான்.

பாரதி அக்கா பதினெட்டு வயதில் கூட்டக் குரலுக்கு வந்தவர். 'ஐயோ கொன்னுட்டாங்களே' என்று பத்துப் பேரோடு சேர்ந்து கத்துகிற வேலை. தியேட்டருக்கு வெளியே டீக்கடையில் ஆண்களோடு நின்று சிகரெட் பழகினார். அது தொண்டையைக் கரகரப்பாக்கியது, கரகரப்பு வேலை கொடுத்தது. பேய்க்குப் பேசினார், லேடி இன்ஸ்பெக்டருக்குப் பேசினார், சாராயம் விற்கிறவளுக்குப் பேசினார். அப்புறம் இருமலும் வந்து சேர்ந்தது.

நான் வேலைக்கு வருவதற்கு முன்னால் நடந்தது இது. ஆனால் அந்தத் தியேட்டரில் இதைத் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு படத்தில் ஹீரோவின் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகப் பேசுகிற காட்சி. பாரதி அக்காவுக்கு ஒவ்வொரு டேக்கிலும் இருமல். துரைராஜ் டாக்பேக் பட்டனை அமுக்கினார். உள்ளே இருப்பவரிடம் மட்டும் பேசுகிற கருவிதான் அது, ஆனால் அன்றைக்கு ஸ்பீக்கரிலும் போட்டுவிட்டார்.

"ஏம்மா, சாவுத சீனுக்கு இன்னும் நாலு வரி கிடக்கு. அதுக்குள்ள நீங்களே போய்ச் சேந்துருவிய போலிருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருந்தால் அக்கா மறந்திருக்கலாம். அவர் வெளியே வந்ததும் துரைராஜ் ஆபீஸ் பையனைக் கூப்பிட்டு, மைக்கின் மேல் மாட்டியிருக்கும் பஞ்சு உறையைக் கழற்றச் சொல்லி, அத்தனை பேருக்கும் முன்னால் டெட்டால் தண்ணீரில் முக்கி எடுக்கச் சொன்னார்.

"பொம்பளை குடிச்ச சிகரெட்டு நாத்தம் லேசுல போவாது. நல்லா அலசுல."

அதே மைக்கில் முந்தின மணி நேரம் பேசிய வில்லன் நடிகர் வாசலில் நின்று புகை விட்டுக்கொண்டிருந்தார். அவர் பேசியதற்காக யாரும் எதையும் அலசவில்லை.

அந்த வேடம் வேறொருவருக்குப் போனது. மற்ற தியேட்டர்களிலும் 'அந்தம்மாவுக்கு நெஞ்சு போச்சு' என்று பேச்சு பரவியது. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அக்கா ஒரு முடிவு எடுத்தார். அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன்: "அதே ரூமு, அதே மைக்கு. அந்தாளு வாயால என் டயலாக்க படிக்க வெச்சி, நான் பேசணும். அதுக்கு இருமல் போவணும். அதுக்கு சிகரெட்டு போவணும். அவ்ளோதான் கணக்கு."

சந்து முனை மெடிக்கல் ஷாப்பில் நிகோடின் கம் வாங்கினார். சிகரெட் புகையில் இருக்கிற தார், கரி எல்லாம் இல்லாமல் நிகோடினை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குக் கொடுத்து ஏக்கத்தை அடக்குகிற சூயிங்கம். அதை மிட்டாய் கம் போல விடாமல் மெல்லக்கூடாது. நாலு கடி கடித்து, நாக்கில் சுருக்கென்று தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அக்காவுக்கு வலது பக்கம் கடைவாய்ப் பல் இல்லை, அதனால் எப்போதும் இடது கன்னம்.

இருமல் போனது. சிகரெட்டும் போனது, திரும்ப ஒரு தடவைகூடத் தொடவில்லை. சேனல்காரர்கள் ராஜமாதாவுக்குக் குரல் தேடியபோது, ஆள் பெயர் இல்லாமல் வெறும் நம்பர் போட்டு சாம்பிள் கேட்டார்கள். அக்கா ஒரு நண்பர் மூலம் தன் சாம்பிளையும் உள்ளே நுழைத்துவிட்டார். சேனல் தேர்ந்தெடுத்த நம்பருக்கு ஆள் யாரென்று பார்த்தபோது துரைராஜின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்து நான் பல நாள் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்தபோது அந்தப் பழிவாங்கல் முழு வேகத்தில் நடந்துகொண்டிருந்தது. துரைராஜ் வசனத்தைப் படிப்பார். அக்கா ஹெட்போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, காதுல சரியா வுழல. இன்னொரு தபா" என்பார். அவர் மறுபடி படிப்பார். "கொஞ்சம் ஃபீலோட படிங்கண்ணே, நான் எப்டி புடிக்கறது?" என்பார். விபூதி நெற்றியோடு அந்த மனிதர் 'நாயே, என் காலடியில் விழு' என்று ஃபீலோடு படிக்கவேண்டும். அவருக்குப் பசி வருகிற நேரம் பார்த்து அக்காவுக்கு டேக் திருப்தியாக இருக்காது. எனக்கு முதல் வாரத்திலேயே யார் பக்கம் என்று முடிவாகிவிட்டது.

ஆனால் கம் மட்டும் நிற்கவில்லை. சில மாதங்களில் விடவேண்டியதை வருஷக்கணக்காக மென்றுகொண்டிருந்தார். எழுந்ததும் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, மைக் முன்னால் நிற்கும்போதும் கன்னத்தில் ஒன்று. அட்டை தீர்ந்துவிட்டால் ரெக்கார்டிங்கைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே ஓடுவார்.

உடம்பு முதலில் என் காதுக்குத்தான் சொன்னது. வசனத்துக்கு நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம். கேபிளைச் சந்தேகப்பட்டேன். கேபிள் இல்லை, அக்காவின் தாடை மூட்டு. அப்புறம் நல்ல டேக் ஒன்றின் கடைசி வார்த்தையில் விக்கல். வாயில் ஆறாத புண். நெஞ்செரிச்சலுக்கு ஜெலூசில் பாட்டில் கைப்பையிலேயே இருந்தது. ஒருநாள் படியேறி வந்து சோபாவில் சாய்ந்து, என் கையை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்தார்.

"பாரேன், இன்னாமா அட்ச்சிகினு கீது. நான் ஓடிகூட வர்ல."

அன்றைக்கே அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈசிஜி ஒழுங்காக இருந்தது, படபடப்புக்கு நிகோடின்தான் காரணமாக இருக்கும் என்றார்கள். தாடைக்கு மைலாப்பூரில் பல் டாக்டர் வஜீஹாவிடம் கூட்டிப்போனேன்.

"எத்தனை மாசமா இந்த கம் போடறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"மாசமா?" என்று அக்கா என்னைப் பார்த்தார். "வருஷத்துல சொல்லட்டா? நாலஞ்சு இருக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒண்ணு நல்லா கேட்டுக்கங்கம்மா. சிகரெட்டுக்கு இது எவ்வளவோ மேல். பயந்துபோய் இத விட்டுட்டு திரும்ப அதுக்குப் போயிடக்கூடாது. ஆனா நாள் முழுக்க மென்னுட்டே இருந்தா தாடை மூட்டு என்ன பண்ணும்? புண்ணு எப்படி ஆறும்? விக்கல், எரிச்சல், படபடப்பு, தூக்கம் கெடறது, எல்லாத்துக்கும் இதுவும் ஒரு காரணம். இத்தனை வருஷம் போட்டா வேற என்னெல்லாம் ஆகும்னு இன்னும் முழுசா தெரியாது."

"அப்ப இன்னா பண்ணணும்?"

"ஆறு கடக்கற வரைக்கும் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோம்பாங்க. மனுஷங்ககிட்ட அப்படி இருக்கக்கூடாது, இந்த கம்கிட்ட இருக்கலாம். ஆனா ஒரேயடியா நிறுத்தாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா குறைங்க."

அக்காவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எதையும் செய்து பழக்கமில்லை. மறுநாள் கம் இல்லாமல் வந்து மைக் முன்னால் நின்றார்.

துரைராஜ் படித்தார். அக்கா பேசினார். எனக்கு என்னவோ போலிருந்தது. "அக்கா, மைக்குக்கு கொஞ்சம் கிட்ட வாங்க" என்றேன். வந்தார். சரியில்லை. மைக்கை மாற்றினேன். அப்போதும் சரியில்லை. நேற்றைய டேக்கையும் இன்றைய டேக்கையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். நேற்று பேசியவள் ராஜமாதா. இன்று பேசியவர் ராயப்பேட்டையிலிருந்து வந்த ஒரு நல்ல அம்மா. அந்தத் தடிப்பு இல்லை, அந்தச் சீறல் இல்லை.

"அக்கா, கன்னத்துல கம் கீதா?" எனக்கும் அவர் பாஷை ஒட்டிக்கொண்டுவிட்டது.

"இல்லியே. அதான் நேத்தோட வுட்டாச்சே."

கண்ணாடி வழியாக ஒருவரை ஒருவர் பார்த்தோம். இத்தனை வருஷமும் ராஜமாதாவின் குரலில் பாதி, இடது கன்னத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் சின்ன உருண்டை. நாக்கு அதைச் சுற்றிக்கொண்டு போனதால்தான் அந்தச் சீறல். சேனல் தேர்ந்தெடுத்ததும் அந்த உருண்டையைச் சேர்த்துத்தான்.

துரைராஜை சுக்கு மல்லி குடிக்க அனுப்பிவிட்டு, கன்னத்தில் வேறு என்ன வைக்கலாம் என்று ஒரு மணி நேரம் போராடினோம். கொட்டைப்பாக்கு வைத்தால் ராஜமாதா கிராமத்துக் கிழவியாகிவிட்டாள். கிராம்பு நாக்கை மரத்துப்போக வைத்தது. மிட்டாய் கம் வாயெல்லாம் எச்சிலாக்கி, ஒவ்வொரு வார்த்தையும் சொத் சொத்தென்று விழுந்தது. சர்க்கரை இல்லாத கம் ஒன்று கடைசியில் அளவாகப் பொருந்தியது. சத்தம் கிட்டத்தட்ட சரி. ஆனால் அக்கா சரியில்லை. நிகோடின் நின்றுபோன உடம்பு, கை நடுங்கியது, மூச்சு பாதி வரியில் தீர்ந்தது. திரும்பி வந்த துரைராஜ் வசனம் படித்தபோது "வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினு கீற, ஒழுங்கா படியேன்" என்று ஒருமையில் கத்திவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். சாயங்காலம் அவரே கீழே இறங்கிப்போய் மெடிக்கல் ஷாப்பிலிருந்து அட்டையோடு வந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாங்க, நீங்க என்ன பண்றீங்க?" என்று சண்டை போட்டேன்.

"தாடை போனா போவட்டும். நான் வுட்டா அந்த ஆளு ஜெயிச்சிடுவான். பாத்தியா இன்னிக்கி அவன் மூஞ்ச? பல்லு தெரியாத சிரிச்சிகினு கீறான்."

உண்மைதான். துரைராஜின் காது எங்கள் எல்லோர் காதையும்விடக் கூர்மை. அன்றைய மோசமான டேக் ஒன்றை யாருக்கும் தெரியாமல் போனில் பதிவு செய்து சேனலுக்கு அனுப்பிவிட்டார். 'அந்தம்மா பழையபடி புகைக்க ஆரம்பிச்சாச்சு, குரல் போச்சு, மாத்து ஆளு ரெடி' என்று கூடவே ஒரு மெசேஜ். மாற்று ஆள் பூஜா. கார்ட்டூன் குழந்தைகளுக்குப் பேசிக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயதுப் பெண். இரண்டு பேரையும் நேரில் கேட்டு முடிவு செய்ய சேனலிலிருந்து முத்துலட்சுமி மேடம் வருவதாக நாள் குறித்தார்கள்.

அந்த நாள் காலையில் மேடம் வருவதற்கு முன்னால் பூஜாவுக்கு ஒத்திகை. நல்ல குரல், நல்ல பெண், ஆனால் ராஜமாதா வரவில்லை. துரைராஜ் எத்தனை முறை படித்துக் காட்டியும் வரவில்லை. பிறகு அக்கா உள்ளே போய் ஒரு வரி பேசிவிட்டு வந்தார். துரைராஜ் கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்று அவர் வாயையே பார்த்தார். அக்கா கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்ததும் கைதட்டினார்.

"அட, கன்னத்துல பபுள்கம்ம ஒதுக்கிக்கிட்டுத்தான் இத்தனை நாளா வித்தை காட்டுனியளாக்கும்? இது தெரியாம நானும் திறமைன்னுல்ல நெனச்சுட்டேன்."

என் மேஜையில் அக்காவின் கைப்பை பக்கத்தில் இருந்த அட்டையை எடுத்தார். ஒன்றைப் பிதுக்கி பூஜாவிடம் நீட்டினார். "இந்தா தாயி, வாயில போடு. நீயும் ராஜமாதாதான்."

பூஜா வாங்கிக்கொண்டாள். "என்ன சார் இது?"

அக்கா அவள் கையில் இருந்த கம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். சிகரெட்டே தொடாத பெண் அதைப் போட்டு மென்றால் தலை சுற்றும், குமட்டும், விக்கல் வரும். மேடம் முன்னால் மைக்கில் விக்கி விக்கி நின்றால் அக்காவின் இடம் பத்திரம். அக்காவுக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். பூஜா அதை உதடு வரைக்கும் கொண்டுபோய்விட்டாள்.

"கண்ணு, போடாத" என்றார் அக்கா. "அது சிகரெட்ட வுடறவங்களுக்கு குடுக்கற மருந்து. உனக்கு ஆவாது. தலை சுத்தி வுழுந்துடுவ."

பூஜா நெருப்பைத் தொட்டது போல அதை மேஜையில் வைத்தாள். துரைராஜ் சிரித்தார்.

"மருந்தாம்லா. புதினா மிட்டாயிக்கு மருந்துன்னு பேரு. புள்ளைய பயங்காட்டி ஓட்டப் பாக்கிய. நான் இந்த அம்பத்தெட்டு வயசுல பீடி, வெத்தலை, பொடின்னு ஒண்ணு தொட்டதில்லை. நானே போட்டுக் காட்டுதேன், பாரு தாயி."

மேஜையில் கிடந்ததை வாயில் போட்டார். அட்டையிலிருந்து இன்னொன்றைப் பிதுக்கி அதையும் போட்டார்.

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் அக்காவின் செருப்புக் கால் என் காலை அழுத்தியது. நன்றாகவே அழுத்தியது. அவர் துரைராஜைப் பார்த்து, ராஜமாதா மருமகளுக்குப் பால் கொடுக்கும்போது வருகிற அதே பதத்தில் சொன்னார்:

"நல்லா மெல்லுங்கண்ணே. நல்லா மென்னாதான் சாறு எறங்கும்."

அவர் மென்றார். வெற்றிலைக்காரர் மெல்லுகிற மாதிரி, சாற்றை எல்லாம் விழுங்கி, எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே மென்றார். கொஞ்ச நேரத்தில் முத்துலட்சுமி மேடம் படியேறி வந்தார். துரைராஜ் எழுந்து கும்பிட்டார்.

"வாங்க மேடம். நான் மெசேஜ்ல சொன்ன மாதிரி, இந்தம்மாவுக்கு அந்தப் பழக்கம்—"

விக்கல்.

"அந்தப் பழக்கம் திரும்ப—"

விக்கல். மேடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்தார். துரைராஜ் பூஜாவை உள்ளே அனுப்பிவிட்டு டாக்பேக்கை அமுக்கி வசனம் படிக்க ஆரம்பித்தார். "உன் வம்சத்தின் கடைசி"க்கு அப்புறம் ஒரு விக்கல், "விளக்கை"க்கு முன்னால் ஒன்று. உள்ளே பூஜா ஸ்கிரிப்டால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. துரைராஜின் விபூதி வியர்வையில் கரைந்து மூக்கு வரை ஓடி வந்தது. "ஏசிய கூட்டுல" என்றார். ஏசி ஏற்கெனவே பதினெட்டில் இருந்தது. அப்புறம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினார். அவர் வாந்தி எடுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. குளித்துவிட்டு வந்தவர் முகம் போல இருந்தது.

எனக்குத்தான் பயமாகிவிட்டது. டாக்டர் வஜீஹாவுக்குப் போன் போட்டேன். துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், உட்கார வையுங்கள், பக்கத்திலேயே இருந்து பாருங்கள், மயக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள் என்றார். அப்படி ஒன்றும் வரவில்லை. துரைராஜ் சோபாவில் ஈரத் துண்டோடு படுத்திருந்தார். மத்தியானம் மோர் கேட்டார்.

மேடம் நேராகக் கேட்டார். "இங்க என்ன நடக்குது?"

அக்கா எதையும் மறைக்கவில்லை. இருமல், டெட்டால், சிகரெட்டை விட்டது, கம், தாடை, டாக்டர், எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கன்னத்திலிருந்த கம்மை எடுத்துக் காகிதத்தில் மடித்தார். உள்ளே போய் அந்த வரியைப் பேசினார். சீறல் இல்லாத, வறண்ட, கொஞ்சம் உடைந்த குரல்.

"இதான் மேடம் என் கொரலு. மத்தது இது" என்று மடித்த காகிதத்தைக் கண்ணாடி வழியாகக் காட்டினார். "இத்த வுடணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வுட்டா ராஜமாதா போய்டுவா."

மேடம் இதையும், காலையில் கம்மோடு பேசிய வரியையும் திரும்பத் திரும்பக் கேட்டார். "இது ராஜமாதா இல்லதான்" என்றார். அக்கா தலையாட்டினார். மேடம் தன் போனை எடுத்து எதையோ தேடிப் படித்தார்.

"ஒன்றரை மாசத்துல கதையில லீப் வருது. இருபது வருஷம் தாவுது. ராஜமாதாவ பாதாளச் சிறையில போட்டுடறாங்க, முடியெல்லாம் நரைச்சு வெளியே வர்றா. அப்ப குரல் மாறினா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. இப்ப பேசினீங்களே, இதுதான் வேணும். அது வரைக்கும் ஒப்பேத்துவீங்களா?"

"ஒப்பேத்துவேன்."

"இன்சார்ஜ மாத்திடறேன். அவர் பண்ணது ரொம்ப தப்பு."

"வேணாம் மேடம்." அக்கா வேகமாகச் சொன்னார். "அவரே இருக்கட்டும். அவரு படிச்சாதான் எனக்கு பேச்சே வரும்."

மேடம் அதைப் பெரிய மனசு என்று எடுத்துக்கொண்டார். அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். படிக்கட்டில் நான் விடவில்லை.

"ஏன்க்கா? தானா வந்த சான்ஸ்."

"ஊட்டுக்கு அனுப்பிட்டா அந்தாளு காலாட்டிகினு டிவி பாத்துகினு ஜாலியா இருப்பான். அதுக்கா நான் சிகரெட்ட வுட்டேன்?"

அடுத்த வாரங்கள் கஷ்டமாகத்தான் போயின. டாக்டர் சொன்னபடியே இந்த முறை. மைக்குக்கு முன்னால் மட்டும் நிகோடின் கம், மற்ற நேரத்தில் சர்க்கரை இல்லாத கம். பிறகு மைக்கிலும் ஒரு நாள் அது, ஒரு நாள் இது. பல நாள் என் மேல் எரிந்து விழுந்தார். ஒருமுறை டீக்கடையில் யாரோ ஊதிய புகைக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றதையும் பார்த்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன், திட்டிக்கொண்டே வந்தார். விக்கல் முதலில் நின்றது. வாய்ப்புண் ஆறியது. தூக்கம் வருகிறது என்று ஒருநாள் ஆச்சரியமாகச் சொன்னார். தாடை மட்டும் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, டாக்டர் வஜீஹா சொன்ன பயிற்சியைச் செய்துகொண்டிருக்கிறார்.

அந்த நாட்களில் அவரைத் தாங்கிப் பிடித்தது என்னவென்று நான் அழகாக எழுதலாம். உண்மை என்னவென்றால், துரைராஜ்தான். அக்காவுக்கு ஏக்கம் தலைக்கேறும்போதெல்லாம் கண்ணாடி வழியாக அந்த விபூதி நெற்றியைப் பார்ப்பார். பல்லைக் கடிப்பார். தாடை வலிக்கும் என்று நான் கத்துவேன்.

லீப் எபிசோடின் முதல் காட்சிக்கு அக்கா வெறும் வாயோடு வந்தார். திரையில் பாதாளக் கதவு திறந்தது. நரைத்த தலையோடு ராஜமாதா வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். துரைராஜ் படித்தார். இப்போதெல்லாம் அவர் படிக்கும்போது குரல் கீழேயே இருக்கிறது.

"இருபது ஆண்டுகள் இருட்டில் இருந்தேன். ஒரு முகத்தைக் கூட மறக்கவில்லை."

அக்கா அதை வாங்கிப் பேசினார். பாகும் இல்லை, சீறலும் இல்லை. காய்ந்த ஓலை உரசுகிற மாதிரி ஒரு குரல், 'மறக்கவில்லை' என்கிற இடத்தில் நடுவில் லேசாகப் பிளந்தது. ஹெட்போனில் அதைக் கேட்டதும் எனக்குக் கழுத்து முடி எழுந்து நின்றது. இரண்டாவது டேக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. கண்ணில் தண்ணீர், மானிட்டர் கலங்கித் தெரிந்தது.

துரைராஜ் ஸ்கிரிப்டை மடியில் வைத்தார். அப்புறம் டாக்பேக் பட்டனை அமுக்கினார்.

"நல்லா இருந்துச்சும்மா" என்றார். "நெசமாத்தான் சொல்லுதேன். நல்லா இருந்துச்சு."

உள்ளே அக்கா ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார். ஸ்டாண்டில் இருந்த பக்கத்தைத் திருப்பினார். துரைராஜ் பக்கம் பார்க்கவே இல்லை.

"அடுத்தத படிங்க" என்றார்.

அவர் படித்தார். நான் ரெக்கார்ட் அமுக்கினேன்.